எஸ்எம்பிட்ரீ அடித்தால் வெற்றுத் திரை: கட்டளைவரியிலிருந்து பகிர்வுக் கோப்புறைகளைப் பார்ப்பது எப்படி?

#1 சாளரமில்லான்

வணக்கம். திரை உடைந்த மடிக்கணினி ஒன்றை லினக்ஸ் சர்வராக மாற்றி மூலையில வச்சிருக்கேன். எஸ்எஸ்எச் (தொலைவிலேர்ந்து கட்டளைவரியில நுழையற முறை) வழியாத்தான் உள்ளே போவேன், வரைகலை எதுவும் நிறுவல. நெட்வொர்க்ல மூணு இடத்துல பகிர்வுகள் இருக்கு: ‘கிடங்கு’ன்னு ஒரு பழைய நாஸ் (நெட்வொர்க்ல மாட்டின சேமிப்புப் பெட்டி), ‘மேசை’ன்னு ஒரு விண்டோஸ் 11 கணினி, ‘பட்டறை’ன்னு இன்னொரு லினக்ஸ்.

முன்னாடி எஸ்எம்பிட்ரீ-ன்னு ஒரே கட்டளை போதும். பணிக்குழு, அதுக்குக் கீழ கணினிகள், அதுக்கும் கீழ பகிர்வுகள்னு மரம் மாதிரி வந்து விழும். லினக்ஸைப் புதுசா நிறுவினதுலேர்ந்து கடவுச்சொல் கேக்குது, கொடுத்ததும் ஒரு வரி கூட இல்லாம ப்ராம்ப்ட் திரும்பிடுது. பிழைச் செய்தியும் இல்ல. ரெண்டு வார்த்தை திட்டினாலாவது அதை வச்சுத் தேடலாம்!

நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. வேற கணினியில கோப்பு மேலாளரைத் திறந்தா மூணுமே ஐகானா நிக்குது. கட்டளைவரியில மட்டும் ஏன் குருடாயிடுச்சு?

(கட்டளைகளை வழக்கம்போல தமிழ் எழுத்துலயே எழுதறேன். பெரிய எழுத்து வர்ற இடத்தை மட்டும் தனியா சொல்லிடலாம்.)

#2 பழைய_கேபிள்

தம்பி, குருடானது உன் சர்வர் இல்ல, எஸ்எம்பிட்ரீ. அது ‘யாரெல்லாம் இருக்கீங்க’ன்னு கேக்கற முறையே பழைய எஸ்எம்பி 1 (விண்டோஸ் பகிர்வு நெறிமுறையோட முதல் பதிப்பு) காலத்தது. லினக்ஸ்ல எஸ்எம்பி பேசற மென்பொருள் சாம்பா. அதோட 4.11 பதிப்பு வந்த 2019லேர்ந்து எஸ்எம்பி 1 முன்னிருப்பாவே அணைஞ்சு கிடக்கு. கேள்வி கேக்கவே ஆள் இல்ல, பதில் எங்கேர்ந்து வரும்?

பொதுவா கூவறதை விட்டுட்டு, கணினியைப் பேர் சொல்லிக் கூப்பிடு:

எஸ்எம்பிகிளையன்ட் -எல் //192.168.1.20 -யூ பயனர்பெயர்

எல், யூ ரெண்டும் பெரிய எழுத்து. கடவுச்சொல்லை அது கேக்கும்போது அடி, கட்டளையோட சேர்த்து எழுதாதே. மூணு முகவரிக்கும் தனித்தனியா அடிச்சு என்ன வருதுன்னு அப்படியே இங்க போடு.

#3 சாளரமில்லான்

நன்றிண்ணே. பலன் மூணுக்கும் மூணு விதம்.

பட்டறை: பகிர்வுப் பட்டியல் அழகா வந்துச்சு. கடைசியில ‘எஸ்எம்பி 1 அணைக்கப்பட்டுள்ளது, பணிக்குழு விவரம் இல்லை’ங்கற பொருள்ல ஒரு வரி.

மேசை: முதல்ல உள்நுழைவு தோல்வின்னு வந்துச்சு. தினமும் அந்தக் கணினியைத் திறக்கற அதே எண்ணைத்தான் கொடுத்தேன்.

கிடங்கு: நெறிமுறைப் பேச்சுவார்த்தை தோல்வி, இணைப்பு துண்டிக்கப்பட்டதுன்னு வருது. ஆனா பிங் (கணினி உயிரோட இருக்கான்னு கேக்கற கட்டளை) போகுது.

பட்டறையோட கடைசி வரி பிழையா, இல்லையா?

#4 மூன்றாம்பிறை

அது பிழை இல்லை. பகிர்வுகளைப் பட்டியலிட்டு முடித்த பிறகு, பணிக்குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பார்ப்பது அந்தக் கட்டளையின் பழைய வழக்கம். அந்தக் கேள்விக்கு எஸ்எம்பி 1 தேவை. அது இல்லாததால் கையை விரிக்கிறது. மேலே வந்த பட்டியல் முழுமையானதே.

மேசைக்கு நீங்கள் கொடுத்த ‘எண்’ விண்டோஸின் பின் எண் என்று நினைக்கிறேன். அது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வரும்போது கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் செல்லும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்தக் கணக்கின் கடவுச்சொல். பின் எண்ணே பழகிப் போய், கடவுச்சொல் என்று ஒன்று இருப்பதையே மறந்தவர்கள் நிறைய.

கிடங்குதான் சுவாரசியமான நோயாளி. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், எஸ்எம்பிட்ரீ தந்த அந்த மரத்தைப் பற்றி நமக்கிருக்கும் ஏக்கத்தைக் கொஞ்சம் கலைக்க வேண்டும்.

அந்த மரம் ஒருபோதும் நேரடிக் காட்சியாக இருந்ததில்லை. பழைய விண்டோஸ் நெட்வொர்க்கில் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி, ஒரு கணினியைப் பட்டியல் பொறுப்பாளராக அமர்த்திக்கொள்ளும். மற்றவை 12 நிமிடங்களுக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். தொடர்ந்து மூன்று அறிவிப்புகள் வராவிட்டால்தான் பொறுப்பாளர் ஒரு பெயரை அடிப்பார். அதாவது, அணைத்த கணினி 36 நிமிடம் வரை பட்டியலில் உயிரோடு இருக்கும். துணைப் பொறுப்பாளர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பட்டியலைப் பிரதி எடுப்பார்கள். உங்கள் கேள்வி துணைப் பொறுப்பாளரிடம் போய்ச் சேர்ந்திருந்தால் 51 நிமிடம் வரை செத்த கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். புதிதாகத் திறந்த கணினி தெரியாமல் இருப்பதும் இதே கதையின் மறுபக்கம்.

ஆக, ‘யார் இருக்கிறார்கள்’ என்பது ஒரு கேள்வி. ‘இவரிடம் என்ன இருக்கிறது’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு எப்போதும் வதந்திதான் பதிலாக வந்திருக்கிறது. இரண்டாவதை நேரே அந்தச் சர்வரிடமே கேட்கலாம், அது பொய் சொல்லாது.

#5 பழைய_கேபிள்

பிறை சொல்றது சரிதான், ஆனா கொஞ்சம் கடுமை. வதந்தியா இருந்தாலும் முகவரி தெரியாத இடத்துல அதுதான் கைவிளக்கு. ஒரு காலத்துல கையில ஒரு கேபிளோட போய் உக்காந்து, அந்த மரத்தைப் பாத்துத்தான் எந்தக் கணினி எங்க இருக்குன்னே கண்டுபிடிப்போம். 36 நிமிஷம் பழசுன்னா பழசு, ஒண்ணுமே இல்லாததுக்கு அது மேல்.

நிக்க. சாம்பாங்கற பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் முதல்ல எஸ்எம்பி சர்வர்னுதான் வச்சிருந்தார். அந்தப் பேர் வேற ஒரு நிறுவனத்தோட வணிகப் பேர்னு ஆனதும், எஸ், எம், பி மூணும் அதே வரிசையில வர்ற சொல்லை அகராதிக் கோப்புல கிரெப் போட்டுத் தேடியிருக்கார். வந்ததுல ஒண்ணு சாம்பா. கட்டளைவரிக்காரன் பேர் வைக்கற லட்சணம்!

#6 விசைத்தட்டு

தலைப்புக்கு வருவோம். கோப்பு மேலாளர்ல மட்டும் ஐகான் எப்படித் தெரியுதுன்னு கேட்டீங்களே, அது பழைய வழியைக் கேக்கறதே இல்ல. இப்ப ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு எம்டிஎன்எஸ், யுடிபி 5353. லினக்ஸ், மேக், பெரும்பாலான நாஸ்கள் இதுல தன்னை அறிவிக்கும். கட்டளைவரியில:

அவாஹி-பிரவுஸ் -ஆர்டி _எஸ்எம்பி._டிசிபி

எல்லாம் சின்ன எழுத்து. ‘ஆர்’ போட்டா முகவரியையும் கண்டுபிடிச்சுத் தரும். ‘டி’ போட்டா கிடைச்சதைச் சொல்லிட்டு முடிச்சுக்கும், இல்லன்னா காத்துக்கிட்டே இருக்கும். மேக்கில் இதே வேலைக்கு டிஎன்எஸ்-எஸ்டி -பி (பெரிய பி), அது தானா நிக்காது, கண்ட்ரோல்-சி அடிக்கணும்.

ரெண்டாவது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி, யுடிபி 3702. விண்டோஸ் தன்னை அறிவிக்கறது இதுலதான். லினக்ஸ் கணினி விண்டோஸோட ‘நெட்வொர்க்’ சாளரத்துல தெரியணும்னா டபிள்யூஎஸ்டிடி-ன்னு ஒரு சின்னச் சேவையை ஓட விடணும். சாம்பா தானா அதைச் செய்யாது.

அதனால அவாஹில மேசை வரலன்னா பதறாதீங்க. வராது.

#7 சாளரமில்லான்

அப்படியேதான்! கிடங்கும் பட்டறையும் வந்துச்சு, மேசை வரல. மேசைக்கு உண்மையான கடவுச்சொல்லைத் தேடிப் பிடிச்சுக் கொடுத்தேன், பட்டியல் வந்துருச்சு. ரெண்டு பகிர்வு, கூடவே சி$, அட்மின்$, ஐபிசி$.

இன்னொண்ணு கவனிச்சேன். கோப்பு மேலாளர்ல கிடங்கோட ஐகான் தெரியுதுன்னு சொன்னேன்ல, இன்னிக்குத்தான் அதைச் சொடுக்கிப் பாத்தேன். திறக்கல. அங்கயும் அதே தோல்விதான். இத்தனை நாளா ஐகான் இருக்கு, அதனால வேலை செய்யுதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

#8 முதல்வரி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் இதுல புதுசு. என் பக்கம் பட்டியலே வரல, ‘\’ குறி போதவில்லைன்னு ஒரு விசித்திரமான பிழை. நான் அடிச்சது:

எஸ்எம்பிகிளையன்ட் \\மேசை\படங்கள்

விண்டோஸ்ல இப்படித்தானே எழுதுவோம்?

#9 விசைத்தட்டு

விண்டோஸ்ல சரி. பாஷுக்கு (லினக்ஸ்ல கட்டளையைப் படிக்கற ஷெல்) ‘\’ ஒரு தப்பிக்கும் குறி, அடுத்த எழுத்தை அப்படியே எடுத்துக்கன்னு அர்த்தம். முதல் ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கிடும், நடுவுல இருக்கறதைத் தின்னுடும். கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது \மேசைபடங்கள். அதனாலதான் ‘போதல’ன்னு அழுவுது. பிழைச் செய்தியோட தொடக்கத்துல அந்த நசுங்கிப் போன பேரையே அச்சடிச்சிருக்கும், மறுபடி பாருங்க.

//மேசை/படங்கள்னு முன்சாய்வுல எழுதுங்க, எஸ்எம்பிகிளையன்ட் ஏத்துக்கும். $ குறியில முடியற பகிர்வுன்னா ஒற்றை மேற்கோளுக்குள்ள வைக்கணும், இல்லன்னா அதையும் பாஷ் தின்னுடும்.

#10 மூன்றாம்பிறை

விசைத்தட்டு சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். சொல்லின் கடைசியில் தனியாக நிற்கும் $ குறியை பாஷ் தொடாது. பின்னால் பெயராகக் கொள்ளத்தக்க எழுத்து வந்தால்தான் அதை மாறியாக எண்ணி விழுங்கும். //மேசை/சி$ என்பது மேற்கோள் இல்லாமலும் பத்திரமாகப் போய்ச் சேரும். மாட்டிவிடுவது கடவுச்சொல்லின் நடுவில் இருக்கும் $ குறி. பயனர்பெயரோடு % போட்டுக் கடவுச்சொல்லையும் ஒட்டி எழுதுகிறவர்கள், ‘சரியாகத்தான் அடித்தேன், ஏற்கவில்லை’ என்று மணிக்கணக்கில் புலம்புவது இதனால்தான். எப்படியும் மேற்கோள் போடும் பழக்கம் நல்லது, மறுக்கவில்லை.

பெயரின் கடைசியில் $ இருந்தால் பகிர்வு மறைக்கப்பட்டது என்பதும் பாதி உண்மை. சர்வர் அதைப் பட்டியலில் அனுப்பவே செய்கிறது, காட்டாமல் விடுவது விண்டோஸின் சாளரம். அதனால்தான் சாளரமில்லான் திரையில் சி$ பளிச்சென்று வந்தது. $ பூட்டு அல்ல, திரைச்சீலை.

#11 விசைத்தட்டு

அடிச்சுப் பாத்தேன், எக்கோ போட்டா அப்படியே வருது. இத்தனை வருஷமா தேவையில்லாம மேற்கோள் போட்டிருக்கேன். சரி, ஒத்துக்கறேன்.

#12 கருப்புப்பெட்டி

விண்டோஸ் பக்கத்துலேர்ந்து பாக்கறவங்களுக்காக. வேலையே இதுதான், அதனால சுருக்கமா.

நெட் வியூ \\சர்வர் /ஆல் அடிச்சா $ உள்ளதையும் காட்டும். சர்வர் பேர் இல்லாம வெறும் நெட் வியூ இப்ப பெரும்பாலும் 6118 பிழைதான் தரும். பழைய பட்டியல் முறைதான் அங்கயும் காரணம். விண்டோஸ் 10ன் 1709 பதிப்பிலேர்ந்து எஸ்எம்பி 1 புதுசா நிறுவும்போது வர்றதில்ல.

சிஎம்டி-ல நெட்வொர்க் பாதைக்குள்ள சிடி பண்ண முடியாது. புஷ்டி \\சர்வர்\பகிர்வு அடிங்க. இசட்-லேர்ந்து பின்னோக்கிப் பாத்து, காலியா இருக்கற ஒரு டிரைவ் எழுத்தைத் தானே எடுத்து உள்ள நிறுத்தும். பாப்டி அடிச்சா அதுவே விட்டுடும். பவர்ஷெல்ல இந்தத் தொல்லை இல்ல, நேரா சிடி.

பிழை எண்கள்ல மூணு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. 53ன்னா சர்வரையே எட்ட முடியல: பேர், ஃபயர்வால், எஸ்எம்பியோட 445 போர்ட் பாருங்க. 67ன்னா சர்வர் கிடைச்சிருச்சு, பகிர்வோட பேர் தப்பாயிருக்க வாய்ப்பு அதிகம். 1219தான் ஆளைக் கொல்றது. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்துல ரெண்டு வேற பயனர்பெயர்ல போக விண்டோஸ் விடாது. நெட் யூஸ் அடிச்சுப் பழைய இணைப்பை எடுத்துட்டு மறுபடி முயலணும். அவசரம்னா பேருக்குப் பதிலா ஐபி முகவரியைக் கொடுங்க, வேற சர்வர்னு நினைச்சு விட்டுடும். அசிங்கமான குறுக்குவழி, ஆனா நான் தினமும் பண்றேன்.

#13 சாளரமில்லான்

கிடங்குக்கு வருவோமா? மவுண்ட் பண்ணி, அதாவது பகிர்வை உள்ளூர்க் கோப்புறை மாதிரி இணைச்சுப் பாத்தேன்:

மவுண்ட் -டி சிஃப்ஸ் //192.168.1.30/ஆவணங்கள் /எம்என்டி/கிடங்கு -ஓ யூசர்நேம்=...

பிழை 112, ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’. அந்தச் சர்வர் படுத்துட்டதா சொல்லுது. பக்கத்து முனையத்துல அதே முகவரிக்கு பிங் ஓடிக்கிட்டே இருக்கு, ஒண்ணு கூடத் தவறல. வெப் பக்கமும் திறக்குது. எது பொய்?

#14 மூன்றாம்பிறை

பிழைச் செய்திதான் பொய். 112 வந்து, பிங்கும் போனால், பெரும்பாலும் பொருள் ஒன்றுதான்: நாம் பேசும் எஸ்எம்பி பதிப்பு அந்தப் பெட்டிக்குப் புரியவில்லை. பழைய நாஸ் எஸ்எம்பி 1 மட்டுமே பேசுகிறது. நம் கெர்னல் (லினக்ஸின் உட்கரு) எஸ்எம்பி 2.1க்குக் குறைவாகப் பேச்சைத் தொடங்குவதில்லை. நாம் வணக்கம் சொல்கிறோம், அது ரிசீவரை வைத்துவிடுகிறது. கெர்னல் அதை ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொள்கிறது.

2017 செப்டம்பரில் வந்த 4.13 கெர்னலில்தான் இந்த முன்னிருப்பு மாறியது. அதற்கு முன் பதிப்பைக் குறிப்பிடாமல் மவுண்ட் செய்தால் 1.0தான். அந்த ஆண்டு மே மாதம்தான் வானாக்ரை என்ற, பணயத்தொகை கேட்கும் தீநிரல் பரவியது. அது நுழைந்த வாசல் விண்டோஸின் எஸ்எம்பி 1. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டும், பல கணினிகளில் போடாமல் விட்டிருந்தார்கள். அதன் பின் ஒவ்வொருவராக அந்தக் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள்.

முதலில் நாஸின் வெப் பக்கத்தில் எஸ்எம்பி அமைப்புகளைப் பாருங்கள். அதிகபட்ச நெறிமுறை என்று ஒரு தெரிவு பெரும்பாலும் இருக்கும்.

#15 பழைய_கேபிள்

அவசரமா ஒரு கோப்பு மட்டும் வேணும்னா -ஓ-வுக்குப் பின்னால வெர்ஸ்=1.0 சேர்த்துப் பாரு தம்பி, திறந்துடும்.

#16 மூன்றாம்பிறை

திறக்கும். கோப்பை எடுத்ததும் அன்மவுண்ட் செய்துவிடுங்கள். எஃப்எஸ்டேப்-இல் (கணினி தொடங்கும்போது மவுண்ட் ஆக வேண்டியவற்றின் பட்டியல் கோப்பு) அந்த வரியை எழுதி வைத்துவிட்டு மறந்துபோவதுதான் நடக்கிறது. நானே மறந்திருக்கிறேன், இரண்டு ஆண்டு.

#17 சாளரமில்லான்

கிடைச்சிருச்சு! நாஸோட பக்கத்துல, ‘மேம்பட்ட’ங்கற தாவலுக்குள்ள இன்னொரு தாவல், அதுக்குள்ள அதிகபட்ச நெறிமுறை: எஸ்எம்பி 1. எப்பவோ ஒரு பழைய டிவிப் பெட்டிக்காக நானே மாத்தி வச்சது, நினைப்பே இல்ல. 3க்கு மாத்தினேன், ஒரே கட்டளையில பட்டியல் கொட்டிடுச்சு. வெர்ஸ் எதுவும் போடாம மவுண்டும் ஆச்சு.

ஆனா புதுசா ஒண்ணு. எஸ்எம்பிகிளையன்ட் //மேசை/படங்கள் வேலை செய்யுது. அதே பேரை மவுண்டுக்குக் கொடுத்தா ‘முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’. ரெண்டும் ஒரே கணினியில ஓடுதே?

#18 விசைத்தட்டு

இது பலருக்கும் தெரியாத குழி. எஸ்எம்பிகிளையன்ட் சாம்பாவோட பிள்ளை. பேரைத் தேட அதுகிட்ட சொந்த வழிகள் இருக்கு: எல்எம்ஹோஸ்ட்ஸ் கோப்பு, வின்ஸ்ங்கற பேர்ச் சர்வர், அப்புறம் கணினியோட வழக்கமான டிஎன்எஸ், கடைசியா நெட்வொர்க் முழுக்கக் கூவிப் பாக்கறது. மவுண்ட் அப்படி இல்ல, அது சிஸ்டம்கிட்ட மட்டும்தான் கேக்கும். மேசைங்கற பேர் கூவித்தான் கிடைச்சிருக்கு. மவுண்டுக்குக் கூவத் தெரியாது.

இடிசி ஹோஸ்ட்ஸ் கோப்புல முகவரியும் பேருமா ஒரு வரி எழுதிடுங்க, ரவுட்டர்ல அந்தக் கணினிக்கு மாறாத முகவரியும் ஒதுக்கிடுங்க. முடிஞ்சது.

#19 முதல்வரி

அண்ணே, எனக்கு ஒரே ஒரு கோப்புறையைத்தான் இறக்கணும். இதுக்கு மவுண்ட் அவசியமா?

#20 பழைய_கேபிள்

அவசியமே இல்ல தம்பி. ஒரு கோப்புக்கு மவுண்ட் பண்றது, ஒரு கடிதம் வாங்க வீட்டையே வாடகைக்கு எடுக்கற கதை.

எஸ்எம்பிகிளையன்ட் //மேசை/படங்கள் -யூ பேர் அடிச்சு உள்ள போ. எஸ்எம்பி: \> னு ப்ராம்ப்ட் வரும். பழைய எஃப்டிபி பழகினவனுக்கு இது சொந்த வீடு. எல்எஸ், சிடி, கெட், புட். டேப் அடிச்சா பேரை முடிச்சுக் கொடுக்கும். எல்சிடி உன் பக்கக் கோப்புறையை மாத்தும், இதை மறந்துட்டா கோப்பெல்லாம் எங்க இறங்குச்சுன்னு தேடுவே.

முழுக் கோப்புறைக்கு இந்த வரிசைல அடி: ரிகர்ஸ், அப்புறம் ப்ராம்ப்ட், அப்புறம் எம்கெட் *. முதல் ரெண்டும் சுவிட்ச் மாதிரி. ப்ராம்ப்ட்டை அணைக்கலன்னா ஒவ்வொரு கோப்புக்கும் ‘எடுக்கவா’ன்னு கேக்கும். ஒரு தடவை அறுநூறு படத்துக்கு ஒய் ஒய்னு அடிச்சிருக்கேன், பாதியிலதான் உறைச்சுது.

உள்ள போகாமலே வேலை முடியணும்னா -சி ‘சிடி 2019; எல்எஸ்’னு ஒற்றை மேற்கோள்ல கட்டளைகளைக் கொடு. ஸ்கிரிப்ட்ல வைக்க இதான் வசதி. அதுக்குக் கடவுச்சொல்லை ஒரு கோப்புல எழுதி, 600 அனுமதி வச்சு, -ஏ (பெரிய ஏ) போட்டுக் காட்டு. கட்டளையிலயே எழுதினா ஹிஸ்டரியில உக்காந்துக்கும்.

#21 காத்திருப்பவன்

மவுண்ட் பண்றவங்களுக்கு என் கதையையும் சொல்லிடறேன். பேருக்குக் காரணமே இதுதான்.

வேலை பாத்த இடத்துல என்எஃப்எஸ் (எஸ்எம்பி மாதிரி, லினக்ஸ் பக்கத்துப் பகிர்வு முறை) பகிர்வு ஒண்ணு மவுண்ட் ஆகியிருந்துச்சு. ஒரு நாள் அந்தப் பக்கச் சர்வரை அணைச்சுட்டாங்க. என்னன்னு பாக்கலாம்னு எஸ்எஸ்எச்ல நுழையறேன், கடவுச்சொல்லை ஏத்துக்குது, அதுக்கப்புறம் திரை அப்படியே நிக்குது. ப்ராம்ப்டே வரல. கண்ட்ரோல்-சிக்கும் அசையல. மறுபடி நுழைஞ்சாலும் அதே கதை.

பிறகுதான் நினைவு வந்துச்சு. என் லாகின் கோப்புல ‘டிஸ்க்ல எவ்வளவு இடம் இருக்கு’ன்னு காட்ட டிஎஃப்-னு ஒரு வரி அழகுக்காக வச்சிருந்தேன். டிஎஃப் மவுண்ட் ஆன எல்லாத்தையும் தொட்டுப் பாக்கும். செத்த சர்வரைத் தொட்டதும் பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும். என்எஃப்எஸ்ல ஹார்டு மவுண்டுதான் முன்னிருப்பு, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

வேற கணினியிலேர்ந்து எஸ்எஸ்எச்சோட கட்டளையையும் சேர்த்தே அனுப்பினேன்: எஸ்எஸ்எச் -டி சர்வர் ‘சுடோ யுமவுண்ட் -எல் /எம்என்டி/தரவு’. இப்படி அனுப்பினா லாகின் கோப்பு ஓடாது. சின்ன எல் போட்டா உடனே மரத்துலேர்ந்து வெட்டிட்டு, மிச்சத்தைப் பின்னாடி கழுவிக்கும். அப்புறந்தான் மூச்சு வந்துச்சு. இப்ப அந்த வரி டிஎஃப் -எல், உள்ளூர் டிஸ்க் மட்டும்.

#22 முதல்வரி

ஹார்டு வேண்டாம், சாஃப்ட்னு மவுண்ட் பண்ணிட்டா?

#23 காத்திருப்பவன்

படிக்க மட்டும்னா பண்ணலாம். எழுதிக்கிட்டு இருக்கும்போது சர்வர் கொஞ்சம் திணறினா, சாஃப்ட் மவுண்ட் பாதியிலயே பிழை சொல்லிட்டு விலகிடும். அந்தப் பிழையை உங்க மென்பொருள் கவனிக்கலன்னா கோப்பு அரைகுறையா கிடக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால நான் ஹார்டுதான். எஃப்எஸ்டேப்-ல நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் ரெண்டையும் சேர்த்துடுவேன். முன்னது, பகிர்வு கிடைக்கலன்னாலும் கணினி தொடங்கறதைத் தடுக்காது. பின்னது, தொட்டாத்தான் மவுண்ட் ஆகும்.

#24 சாளரமில்லான்

பட்டறையில என்எஃப்எஸ்ஸும் இருக்கு. அதுல என்ன பகிர்ந்திருக்குன்னு பாக்க எஸ்எம்பிகிளையன்ட் மாதிரி ஏதாவது உண்டா?

#25 காத்திருப்பவன்

ஷோமவுண்ட் -இ பட்டறை. ஏற்றுமதியான கோப்புறைகளும், யார் யாருக்கு அனுமதின்னும் வரும். ஆனா பதில் சொல்றது மவுண்ட்டி-ங்கற பழைய சேவை. என்எஃப்எஸ் 4 மட்டும் ஓடற சர்வர்ல அது இல்லாமலும் இருக்கலாம், 2049 போர்ட் மட்டும் திறந்திருக்கும். அப்ப ஷோமவுண்ட் தோத்தாலும் மனசு விடாதீங்க. பட்டறை:/ ன்னு வேரையே மவுண்ட் பண்ணி எல்எஸ் அடிங்க. உங்களுக்கு எது அனுமதியோ அதுக்கான பாதை மட்டும் தெரியும்.

ஆட்டோஎஃப்எஸ் போட்டு, அதோட ஹோஸ்ட்ஸ் வரைபடத்தை இயக்கிட்டா இன்னும் சுகம். எல்எஸ் /நெட் அடிச்சா காலியா இருக்கும். எல்எஸ் /நெட்/பட்டறைன்னு பேர் சொன்னாத் திறக்கும். பிறை சொன்ன அதே கதை.

#26 கருப்புப்பெட்டி

என்மேப்பை ஏன் யாரும் சொல்லல? 445 போர்ட் திறந்த முகவரிகளை ஒரே வரியில காட்டிடும்: என்மேப் -பி 445 --ஓபன் 192.168.1.0/24. யார் அறிவிச்சாலும் அறிவிக்காட்டியும் மாட்டுவாங்க.

#27 பழைய_கேபிள்

சொந்த நெட்வொர்க்ல மட்டும். அலுவலகத்துல ஆர்வத்துல ஒரு தடவை ஓட்டினேன், கால் மணி நேரத்துல என் மேசைக்கு ஆள் வந்துட்டாங்க. நான் தேடினது பிரிண்டர்னு நம்ப வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. முன்கூட்டியே எழுதிக் கேட்டுட்டு ஓட்டுங்கப்பா.

#28 சாளரமில்லான்

கடைசியா ஒரு சந்தேகம். கிடங்குல ஒரே கோப்புறையில நாப்பதாயிரம் படம். எல்எஸ் அடிச்சா ரொம்ப நேரம் எதுவுமே வராம நிக்குது, அப்புறம் ஒரே அடியா கொட்டுது.

#29 விசைத்தட்டு

டைப் எல்எஸ் அடிச்சுப் பாருங்க, அது ஒரு மாற்றுப்பேரா இருக்கும், --கலர் ஒட்டியிருக்கும். வண்ணம் பூச ஒவ்வொரு கோப்பா விவரம் கேக்கும். அகரவரிசைப்படுத்த எல்லாப் பேரும் கைக்கு வர்ற வரைக்கும் ஒண்ணையும் அச்சடிக்காது. \எல்எஸ் -யூ1 (பெரிய யூ) அடிங்க. முன்னால இருக்கற ‘\’ மாற்றுப்பேரைத் தாண்டிடும், யூ வரிசைப்படுத்தாது, வர்றதை வந்தபடியே விடும். முதல் பேர் உடனே தெரியும்.

#30 முதல்வரி

எல்லாருக்கும் நன்றி, படமெல்லாம் இறங்கிடுச்சு. தைரியம் வந்து எஃப்எஸ்டேப்-லயும் எழுதினேன். பகிர்வோட பேர் ‘குடும்பப் படங்கள்’, நடுவுல இடைவெளி. மேற்கோள் போட்டாலும் வரியைப் பிழைங்குது.

#31 மூன்றாம்பிறை

எஃப்எஸ்டேப் கோப்பைப் படிப்பது ஷெல் அல்ல, அதனால் மேற்கோள் அங்கே செல்லாது. இடைவெளி வரும் இடத்தில் \040 என்று எழுதுங்கள். எட்டின் அடிமானத்தில் (ஆக்டல்) இடைவெளியின் எண் அது. எழுதி முடித்ததும் மறுதொடக்கம் செய்து சோதிக்காதீர்கள், மவுண்ட் -ஏ (சிறிய ஏ) போதும்.

#32 சாளரமில்லான்

எனக்கும் அந்த \040 உதவுச்சு, கிடங்குல எல்லாப் பேர்லயும் இடைவெளிதான். மூணு கணினியும் ஹோஸ்ட்ஸ் கோப்புல ஏறியாச்சு. இனி வேண்டாம்னு எஸ்எம்பிட்ரீயை நீக்கலாம்னு பாத்தேன், அது எஸ்எம்பிகிளையன்ட் தொகுப்புக்குள்ளயே சேர்ந்து வருது. சரி, கிடந்துட்டுப் போகட்டும்.